ஒரே கார்டில் நாலு திரை

அன்று அந்த ஷேர் ஆபீஸ் மாடியில் ஏழு பேர் இருந்தோம். உள்ளறையில் முதலாளி வள்ளியப்பன் அண்ணன், கம்ப்யூட்டரில் ஆர்டர் போடும் பரிமளா அக்கா, அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் மானகிரி சேதுராமன் ஐயா. வெளியே ஹாலில் ஜவுளிக் கடை சாகுல் பாய், புதுவயலில் அரிசி மில் வைத்திருக்கும் முத்துக்கருப்பன் ஐயா, ஏசிக் காற்றுக்காகவே தினமும் வந்து தூங்கிவிட்டுப் போகும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். ஏழாவது ஆள் நான். உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நிலைப்படியில் நின்றிருந்தேன்.

எட்டாவதாக யாரும் இருந்து நான்தான் மறந்துவிட்டேனோ என்று இன்றைக்கும் எண்ணிப் பார்ப்பேன். எனக்கு அப்படி ஒரு குணம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறினபிறகு நாலாவது தடவை மனசுக்குள் இழுத்துப் பார்ப்பேன்.

போன வாரம் என் கடைக்கு ஒரு பெண் வந்தாள். வீட்டிலிருந்தே ஏதோ சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாளாம். கம்ப்யூட்டர் பெட்டியைக் கல்லா மேசை மேல் வைத்துவிட்டு, "அண்ணே, மூணு மானிட்டர் மாட்டப் போறேன். ஒரே கார்டுல ஓடும்ல?" என்றாள்.

ஓடும் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள் போல. "வீடியோவுல ஓடும்னுதாண்ணே சொல்றாங்க" என்று ஆறுதலாகச் சொன்னாள்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே, திரைகளுக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் விசிறியில் தூசி அப்பிக் கிடந்தது. சும்மா ஓட்டிப் பார்த்ததும் அந்தத் தூசி சூடேறி ஒரு வாடை வந்தது பாருங்கள், வெயிலில் கிடந்த சாக்கு மாதிரி. அந்த வாடை எனக்கு முகத்தில் அடித்ததும் ஞாபகத்துக்கு வந்தவர் முத்துக்கருப்பன் ஐயாதான். அவர் வந்து உட்கார்ந்தால் அந்த ஏசி ஹால் முழுக்கத் தவிட்டு வாடையும் சாக்கு வாடையும் வரும். காதோர முடியில்கூடத் தவிட்டுத் தூள் ஒட்டியிருக்கும். அதிகம் பேசமாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னைப் போன்ற ஆளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

ஷேர் ஆபீஸ் என்றால் இப்போது உள்ள பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாம் கைப்பேசியில் தெரியாத காலம். ஷேர் வாங்கிப் போட்டவர்கள் விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கக் காரைக்குடியில் எங்கள் ஆபீஸ் மாதிரி ஓர் இடத்துக்கு நேரில் வரவேண்டும். செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடி. ஒன்பது மணிக்கெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆள் வந்துவிடும். சுவரில் ஒரு மானிட்டர். அதில் கம்பெனிகளின் பேரும் விலையும் பச்சையும் சிவப்புமாக ஓடும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விற்கவோ வாங்கவோ வேண்டுமென்றால் உள்ளறைக் கதவுக்குப் போய் அக்காவிடம் சொல்ல வேண்டும்.

நான் அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் ஆளாகச் சேர்ந்தேன். படிப்பு ஒன்பதாவது வரைக்கும்தான். வறுமை, குடும்பக் கஷ்டம் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான், ஆனால் காரணம் அது இல்லை. கணக்குப் பரீட்சையில் முதல் கணக்கைப் போட்டுவிட்டுச் சரியா சரியா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன், மணி அடித்துவிட்டது. மூன்று மார்க். அடுத்த வருஷமும் அதே. அப்பா பேசாமல் கூட்டிக்கொண்டுபோய் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடையில் விட்டார். அங்கே அந்தக் குணத்துக்கு நல்ல மதிப்பு இருந்தது. நான் மாட்டிய ஒயர் கழன்றதாக யாரும் திரும்பி வந்ததில்லை.

வள்ளியப்பன் அண்ணனுக்கு நாலு திரை வேண்டும். அக்கா முன்னால் இரண்டு: ஒன்றில் ஆர்டர், ஒன்றில் விலை. அக்காவுக்கு இடது கைப் பக்கம் மூன்றாவது. அதில்தான் ஒவ்வொருவர் கணக்கும் திறக்கும். யாரிடம் எந்த ஷேர் எத்தனை இருக்கிறது, யார் எவ்வளவு இழந்திருக்கிறார், எல்லாம் அதில் தெரியும். அதனால் அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தோம். நாலாவது, ஹால் சுவரில். இதற்கு இரண்டு கம்ப்யூட்டராவது வேண்டும் என்று மதுரைக்காரர் ஒருவர் விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான்தான் சொன்னேன். "அண்ணே, நாலு வாய் உள்ள கார்டு பழசாக் கெடைக்குது. ஒரே பெட்டியில மாட்டி நாலையும் ஓட்டிரலாம்."

"ஓடுமா?"

"ஓடும்ணே."

"ஒன்பதாப்பு படிச்ச மூளையப் பாரும்மா பரிமளா" என்று அண்ணன் என் முதுகில் தட்டினார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. ஓடாவிட்டால் என்ன செய்வது என்ற யோசனை.

ஓடியது. ஆனால் அந்தக் கார்டுக்கு இரண்டு கெட்ட பழக்கம் இருந்தது. ஒன்று, கரண்டு போய் வந்தால் திரைகளை மறுபடி முதலிலிருந்து எண்ணும். சில நாள் மூன்றை நாலு என்றும் நாலை மூன்று என்றும் எண்ணிவிடும். அப்போது அக்கா பக்கம் வரவேண்டியது ஹாலுக்குப் போகும், ஹாலுக்குப் போகவேண்டியது அக்கா பக்கம் வரும். இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு திரையின் ஒயரைப் பிடுங்கினால் கோபித்துக்கொண்டு நாலையும் அணைத்துவிடும். அப்புறம் கம்ப்யூட்டரை முதலிலிருந்து கிளப்பி, ஆர்டர் போடும் புரோகிராமுக்குள் நுழைந்து, எல்லாம் ஓட ஐந்தாறு நிமிடம் ஆகும். மார்க்கெட் நேரத்தில் ஐந்தாறு நிமிடம் என்பது என்ன என்று அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இதற்காக நான் செய்துவைத்திருந்த காபந்துகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். நாலு மானிட்டரிலும் நம்பர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தேன். ஹால் மானிட்டரின் பொத்தானை யாராவது பெரியவர் அமுக்கிவிடப் போகிறாரே என்று அதன்மேல் கல் மாதிரி இறுகும் பசையை அப்பி அடைத்திருந்தேன். அதற்குக் கரண்டு போகும் ஒயரை யாரும் காலால் இடறிவிடக் கூடாது என்று சுவருக்குள் துளைபோட்டு உள்ளறைக்குக் கொண்டுபோயிருந்தேன். படம் வரும் ஒயரின் இரண்டு பக்கத் திருகாணிகளையும் தினமும் ஒரு தடவை இறுக்குவேன். ஒவ்வொரு தடவை கரண்டு போய் வந்ததும் முதலில் உள்ளே போய் மூன்றாவது திரையில் கணக்குதான் திறக்கிறதா என்று பார்ப்பேன், அப்புறம்தான் ஹாலுக்கு வருவேன். ஒரு நாளும் இப்படிப் பார்க்கும் வரிசையை நான் மாற்றியதில்லை. அன்றைக்குத்தான் மாற்றினேன்.

சேதுராமன் ஐயா விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்றாவது திரையைத் துடைப்பவன் நான். பார்க்கக் கூடாது என்றுதான் துடைப்பேன். கண் பார்த்துவிடும். இருபது வருஷமாக வயல் வருமானத்தில் மிச்சம் பிடித்து, நல்ல கம்பெனி ஷேராகப் பார்த்து வாங்கி வைத்திருந்தவர். நாலு லட்சத்துக்கு மேல் இருந்தது. ஒரு வருஷம் யார் பேச்சையோ கேட்டு, நாளைய விலைக்கு இன்றைக்கே பந்தயம் கட்டுகிற வியாபாரத்தில் இறங்கினார். முதலில் லாபம். அப்புறம் நஷ்டம். நஷ்டத்தை அடைக்க ஒரு ஷேர், அதை அடைக்க இன்னொரு ஷேர். ஒவ்வொரு வரியாகப் பூஜ்யம் ஆகிக்கொண்டு வந்ததை நான் துணியும் கையுமாகப் பார்த்தேன். கடைசியில் முப்பதாயிரம் சொச்சம் நின்றது.

அந்த நேரத்தில்தான் அவர் மகளுக்கு முத்துக்கருப்பன் ஐயாவின் மகனைப் பேசி முடித்தார்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் ஏற்கெனவே பிடித்துப்போன சம்பந்தம் அது. பேச்சின்போது இவர், யாரும் கேட்காமலேயே, "எங்கிட்ட நாலு லட்சத்துக்கு ஷேர் கெடக்கு, அம்புட்டையும் புள்ள பேருக்கு மாத்திவிடுறேன்" என்று சபையில் சொல்லிவிட்டார். பழைய கணக்கு வாயில் வந்துவிட்டது. பரிசம் போடுவது வருகிற புதன்கிழமை என்று குறித்தாகிவிட்டது. பரிசத்துக்கு முன்னால் இது வெளியே தெரிந்தால் சம்பந்தம் நிற்காது என்று ஐயாவே அக்காவிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை நான் கேட்டேன். ஒரு வயலை விற்று எப்படியாவது ஈடுகட்டிவிடுவதாகச் சொன்னார். அதற்கு இரண்டு மாதம் வேண்டும்.

இது தெரியாமல் முத்துக்கருப்பன் ஐயா, சம்பந்தியோடு பேச்சுத்துணைக்கு என்று எங்கள் ஹாலுக்கு வர ஆரம்பித்தார். ஒரு ஷேரும் கிடையாது. சும்மா வருவார், உட்காருவார், திரையைப் பார்ப்பார்.

அன்று திங்கட்கிழமை. பதினொரு மணி இருக்கும். சேதுராமன் ஐயா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியாக மிச்சம் இருப்பதை விற்றால் கையில் என்ன வரும் என்று அக்காவிடம் கேட்க வந்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய், ஒரு மூச்சு விடுவதற்குள் வந்தது. பேட்டரி ஓய்ந்துபோயிருந்ததால் கம்ப்யூட்டரும் போய் வந்தது. எல்லாம் திரும்ப ஓடியபோது ஹால் திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"தம்பீ! படம் போச்சுப்பா" என்று சாகுல் பாய் சத்தம் போட்டார். "என் கம்பெனி இன்னைக்கு ஒரு மாதிரி ஆடிக்கிட்டிருக்கு. நிக்கிதா படுத்துருச்சான்னு தெரியாம எப்படிய்யா உக்காந்திருக்கிறது?"

பாய்க்கு எண்ணூறு ஷேர் இருந்தது ஒரே கம்பெனியில். அதைத் தன் சொந்தக் கம்பெனி மாதிரிதான் பேசுவார்.

நான் நிலைப்படியில் நின்றேன். உள்ளே போவதா ஹாலுக்குப் போவதா. உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தார்: "தம்பி, ஹால் லிஸ்ட்டு இங்குட்டு மூணாவதுல ஓடுதுப்பா."

ஹாலுக்குப் போகவேண்டியது அங்கே வந்துவிட்டது என்றால், அங்கே வரவேண்டியது எங்கே போகும்? ஒன்பதாவது தேறாதவனுக்கும் தெரியவேண்டிய கணக்கு. பாய் இன்னொரு சத்தம் போட்டார். "இருக்கட்டும்க்கா, வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு நான் ஹாலுக்குப் போனேன்.

மானிட்டர் பின்னால் ஒயரின் முனை கொஞ்சம் நெகிழ்ந்திருந்தது. அழுத்தினேன். இடது திருகாணியை இறுக்கினேன். வலது திருகாணியை ஸ்க்ரூ டிரைவர் போட்டு இறுக்கினேன், வழக்கத்தைவிட ஒரு சுற்று கூட. அப்போது உள்ளே அக்கா சொல்வது கேட்டது. "ஐயா கணக்கத் தொறந்தேனே, எங்க போச்சு? ஒண்ணையும் காணோமே."

திரை வந்துவிட்டது.

மேலே ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் சேதுராமன், மானகிரி. கீழே வரிசையாகக் கம்பெனிப் பேர்கள், எதிரே பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அடியில் சிவப்பில் நஷ்டத் தொகை. அதற்கும் அடியில் மிச்சம்.

எப்படித் திரும்பினேன் என்று தெரியாது. திரும்பி, முதுகைத் திரையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். உட்கார்ந்தபடி பார்க்க வசதியாக நெஞ்சு உயரத்தில்தான் மாட்டியிருந்தோம். அந்த வயதில் நான் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பேன். தோளை விரித்துக்கொண்டேன்.

"என்னப்பா, ஒன்னயப் பாக்கவா வந்தோம்? தள்ளு" என்றார் பாய்.

"ஒரு நிமிசம் பாய். கரண்டு லீக்காகுது."

"லீக்காகுதுன்னா நீ ஏண்டா அதுலயே சாஞ்சு நிக்கிற?"

தபால்காரர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். முத்துக்கருப்பன் ஐயா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னமோ செவப்பா வந்துச்சே தம்பி" என்றார் மெல்ல.

"வெல எறங்குதுய்யா. அதான்."

"ம்."

பொத்தானை அமுக்கி அணைக்கலாம் என்றால், நானே பசை வைத்து அடைத்தது. கரண்டு ஒயரைப் பிடுங்கலாம் என்றால், நானே சுவருக்குள் விட்டது. உள்ளே அக்காவைக் கூப்பிட்டு அதை மூடுங்கள் என்று கத்தலாம். கத்தினால், எதை மூட வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். அக்காவோ காணாமல்போன கணக்கைத் தேடி மவுஸை உருட்டிக்கொண்டிருந்தார். என் விலா எலும்புக்குப் பக்கத்தில் அதன் அம்புக்குறி ஊர்வதுபோல இருந்தது. கதவுக்குப் பின்னால் சேதுராமன் ஐயாவின் குரல் கேட்டது. "என்னம்மா, கெடைக்கலையா? வேற எங்கிட்டும் போயிருக்காதுல்ல?" அந்த 'ல்ல'வில் இருந்த பயம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ஒரே வழிதான் இருந்தது. ஒயரைப் பிடுங்குவது. பிடுங்கினால் நாலும் போகும்.

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். இடது திருகாணி எளிதாக வந்தது. வலது வரவில்லை. ஒரு சுற்று கூட இறுக்கினேனே, அது.

அந்த நேரம் பாய் எழுந்து உள்ளறைக் கதவைத் தட்டினார். "பரிமளாம்மா, என் கம்பெனி என்னாச்சு?"

"நூத்திப் பதினொண்ணு பாய். எறங்குமுகமாத்தான் இருக்கு. வித்துப் போட்டுவிடவா?"

"பொறு பொறு. நூத்திப் பத்து வந்ததும் போட்டுவிடு. பத்துக்குக் கீழ போக விட்டுறாத, ஆமா."

அதை நான் கேட்டேன். நன்றாகவே கேட்டேன். எத்தனையோ பேரிடம் கேட்கவில்லை என்று சாதித்திருக்கிறேன், உங்களிடம் சொல்கிறேன். விரல் நகம் திருகாணியின் விளிம்பில் இருந்தது.

முத்துக்கருப்பன் ஐயா எழுந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டி, தோள்துண்டை உருவிக் கையில் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். தவிட்டு வாடை முதலில் வந்தது. தோளில் கை வைத்தார். "தள்ளுங்க தம்பி, நான் பாக்குறேன். மில்லுல மோட்டரு லீக்கானா நாந்தான் பாக்குறது."

"வேணாங்கய்யா. ஒங்களுக்கு அடிச்சிரும்."

"ஒங்களுக்கு அடிக்கலையே."

கை தோளை ஒரு பக்கமாக அழுத்தியது. கனமான கை. நகம் பிளந்துகொண்டு போனது, திருகாணி அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. பிடுங்கினேன்.

"ஐயய்யோ, நாலும் போச்சு!" என்று உள்ளேயிருந்து அக்கா அலறினார்.

அதற்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நிதானமாகச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. வள்ளியப்பன் அண்ணன் கம்ப்யூட்டரைக் கிளப்பினார். அக்கா மதுரை ஆபீசுக்குப் போன் போட்டு அங்கிருந்தாவது பாய் ஷேரை விற்கச் சொல்லப் பார்த்தார். போன் போகவே இல்லை. பாய் கதவுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டே இருந்தார். யா அல்லாஹ் என்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி நடப்பார். படம் வந்தபோது அந்தக் கம்பெனியைப் பற்றி ஏதோ கெட்ட செய்தி வந்து, விலை தொண்ணூற்று எட்டரையில் நின்றது. இன்னும் விழும் என்று எல்லோரும் கத்தியதில் பாய் அந்த விலைக்கே விற்றார். ஒரு ஷேருக்குப் பதினொன்றரை ரூபாய் போச்சு. ஒன்பதாயிரத்து இருநூறு.

"ஏண்டா புடுங்குன?" பாய் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஓடிக்கிட்டு இருந்தத ஏண்டா புடுங்குன? அத மட்டும் சொல்லு."

"சொல்லேண்டா" என்றார் அண்ணன்.

சேதுராமன் ஐயா அறைவாசலில் நின்றிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. மிஷின் நின்றுபோச்சு என்பதைத் தவிர. முத்துக்கருப்பன் ஐயா பழையபடி நாற்காலியில் போய் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் கையில் இருந்த பேனாவை அப்படியே பிடித்தபடி என்னையும் அந்தக் கறுப்புத் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"கை தவறிருச்சு பாய்" என்றேன். "நான் கட்டிர்றேன். மாசம் ஐநூறு."

சம்பளம் நாலாயிரம். அண்ணன் தடுக்கவில்லை. அக்கா அன்று சாயங்காலம் படியிறங்கும்போது, "ஏப்பா, நான் பாதி தர்றேன்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அக்காவின் வீட்டுக்காரருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிவரும். அவர் கேட்பார், இவர் சொல்லுவார், அவர் யாரிடமாவது சொல்லுவார். அப்போதே இப்படியெல்லாம் யோசித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை பரிசம் நல்லபடியாக நடந்தது. ஷேரை எழுதிக் கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, "அதுக்கென்ன அவசரம் சம்பந்தி, கல்யாணம் முடியட்டும், வயலு வாய்க்கா எதையும் அவசரப்பட்டுத் தொடாதீக" என்று முத்துக்கருப்பன் ஐயாவே தள்ளிப்போட்டுவிட்டாராம். சேதுராமன் ஐயா அதை ஆபீசில் வந்து சொல்லிச் சொல்லிப் பூரித்தார். சாமி கண் திறந்துவிட்டது என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிளந்த நகத்தைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் பெருமையாகவே நினைத்தேன்.

கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முத்துக்கருப்பன் ஐயா பட்டு வேட்டியோடு ஒவ்வொரு இலையாக விசாரித்துக்கொண்டு வந்தார். அன்று தவிட்டு வாடை இல்லை, சந்தன வாடை. என் இலைக்கு எதிரே வந்ததும் குனிந்து, பக்கத்து இலைக்காரருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"தம்பி, ஒங்க முதுகு அம்புட்டு அகலம் இல்ல."

கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தேன்.

"மொதலயே படிச்சுட்டேன். நீங்க திரும்பி நிக்கிறதுக்கு முன்னயே." இலையில் அப்பளம் இல்லாததைப் பார்த்துப் பரிமாறுகிறவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "என் மகனுக்கு அந்தப் புள்ளதான் வேணும்னான். நான் ஷேரையா கட்டி வைக்கிறேன்? அவரு கௌரவமான மனுசன், நமக்குத் தெரிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சா நொந்து போவாரு. ஒரு வார்த்த வெளிய வரக் கூடாது, என்ன?"

"அப்ப ஏங்கய்யா எந்திரிச்சு வந்தீக?"

"நீங்க நடுங்கிக்கிட்டு நின்னீக. துண்டப் போட்டுத் திரைய மூடிவிடலாம்னு வந்தேன். நீங்கதான் தள்ளல."

அப்பளம் வந்தது. அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

ஆக, நான் மறைத்தது மறைந்திருக்கவில்லை. நான் தள்ளி நின்றிருந்தால், அவரே துண்டைப் போட்டு அதை மூடியிருப்பார். பாய் நூற்றுப் பத்துக்கு விற்றிருப்பார். பாயிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று கைகழுவும்போதே தோன்றியது. ஆனால் பாய்க்கு வயிற்றில் எதுவும் நிற்காது. மத்தியானம் கேட்டதைச் சாயங்காலம் கடையில் துணி கிழித்துக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். மறுநாள் மானகிரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால் மாதம் முதல் தேதி ஐநூறு ரூபாயை ஹாலில் வைத்தே கொடுத்தேன். பாய் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும், "இன்னைக்காச்சும் சொல்லுறியா, ஏன் புடுங்குனன்னு?" என்பார். முதலில் கோபமாகக் கேட்டார். அப்புறம் வேடிக்கையாக. கடைசியில் எதுவுமே இல்லாமல், நேரம் என்ன என்று கேட்பதுபோல.

பதினொரு தடவை கொடுத்தேன். அதற்குள் ஒவ்வொருவராகக் கைப்பேசியிலேயே விலை பார்க்க ஆரம்பித்து, ஹாலில் நாற்காலி காலியாகிக்கொண்டே வந்தது. தபால்காரருக்குத்தான் நஷ்டம். ஒரு மார்ச் மாதம் வள்ளியப்பன் அண்ணன் ஆபீசை மூடிவிட்டுச் சென்னைக்கு மகனோடு போய்விட்டார். பரிமளா அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறார், பேத்தி படம் அனுப்புவார். அந்த மாடியில் இப்போது ஒரு பியூட்டி பார்லர். பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒரே திரையைப் பார்த்துப் பயப்படுவது என்ற ஒன்றே இந்த ஊரில் இப்போது இல்லை. அவரவர் பயம் அவரவர் உள்ளங்கைக்குள் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு மூன்று மானிட்டரும் ஒரே ஆளுக்குத்தான். மூன்றையும் மாட்டிக் கொடுத்து, திருகாணிகளைக் கையால் மட்டும் இறுக்கி அனுப்பினேன்.

சாகுல் பாய் கடையை விற்றுவிட்டு இளையான்குடியில் மகள் வீட்டோடு இருக்கிறார். பஸ்ஸில் போனால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். பணம் இல்லாத குறை இல்லை. என் கடை நன்றாகத்தான் ஓடுகிறது. போனால் பாய் வாங்கிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பார். இது கடைசித் தடவை என்பதால் சொல்லாமல் எழுந்து வர முடியாது. சேதுராமன் ஐயா தினமும் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தன் கணக்கு சம்பந்திக்குத் தெரியாது என்ற நிம்மதியோடு என் கடையைத் தாண்டித்தான் போகிறார். கையைத் தூக்கிக் காட்டுவார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்புகிறேன். பாய்க்கு நான் தரவேண்டிய பாக்கி மூவாயிரத்து எழுநூறு ரூபாய்.